ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடமும் மூன்று பேட்டரிகளும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷெட்டைத் திறந்து, காரின் மேல் போர்த்திய துணியை மடித்து வைத்துவிட்டு, சோக்கை (குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் கிடைக்கச் செய்யும் குமிழ்) இழுத்து செல்ஃப் அடிப்பேன். எஞ்சின் பிடித்ததும் பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிடுவேன். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கண்ணாடிகளைத் துடைப்பேன். பிறகு அணைத்துவிட்டுத் துணியைப் போர்த்திவிடுவேன். நான்கு வருடம் ஒரு வாரம் விடாமல் இப்படிச் செய்தேன். நிற்கும் வண்டியின் பேட்டரி இறங்கிவிடும், வாரம் ஒருமுறையாவது ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அதை நம்பினேன். அந்த நான்கு வருடத்தில் இரண்டு பேட்டரி செத்தது, மூன்றாவதும் படுத்துவிட்டது.

என்னிடம் இருப்பது 1960களின் தொடக்கத்தில் வந்த ஒரு சிறிய பிரிட்டிஷ் சலூன் கார். 12 வோல்ட், டைனமோ (எஞ்சின் சுற்றும்போது பேட்டரியை சார்ஜ் செய்வது), பாசிட்டிவ் எர்த். இன்றைய கார்களில் பேட்டரியின் நெகட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். இதில் தலைகீழ்: பாசிட்டிவ் முனை பாடியோடு, நெகட்டிவ் முனை செல்ஃபுக்கும் மற்ற வயர்களுக்கும் போகிறது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் இப்படித்தான். இந்த ஒரு விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளாததால் எனக்கு வந்த செலவைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் பேட்டரி காரோடு வந்தது, எத்தனை வயது என்று தெரியாது. அது ஒரு வருடத்தில் போனதில் எனக்கு ஆச்சரியமில்லை. இரண்டாவதைப் புதிதாக வாங்கினேன், ஒன்றரை வருடத்தில் போனது. மூன்றாவதை இன்னும் பெரியதாக, இன்னும் அதிக ஆம்பியர் எழுதியதாகப் பார்த்து வாங்கினேன். அதுவும் ஒரு நாள் காலையில் செல்ஃபை இரண்டு சுற்று இழுத்துவிட்டு நின்றது. பழைய கார்களின் வயரிங் வேலையில் வாழ்நாளைக் கழித்த பெரியவர் ஒருவரை அழைத்தேன். நான்காவதாக எந்தப் பேட்டரி வாங்கலாம் என்று கேட்கத்தான் அழைத்தேன்.

அவர் பேட்டரியைப் பார்க்கவே இல்லை. மல்டிமீட்டரை எடுத்து ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் போஸ்டில் வைத்தார். அதைப் பிடித்திருக்கும் கேபிள் கிளாம்பில் வைக்கவில்லை, அந்த ஈய போஸ்டின் தலையிலேயே வைத்தார். இன்னொரு முனையை எஞ்சின் பிளாக்கில், பெயின்ட் இல்லாத ஒரு போல்ட் தலையில் வைத்தார். "இப்போ செல்ஃப் அடிங்க தம்பி" என்றார். அடித்தேன். மீட்டர் 2.3 வோல்ட் காட்டியது.

"ரெண்டுமே எர்த்துதானே? ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணும் காட்டக் கூடாது. கால் வோல்ட், மிஞ்சினா அரை வோல்ட். இங்க ரெண்டேகால் வோல்ட்டு வழியிலேயே தொலையுது. சோக் கேபிளைத் தொட்டுப் பாருங்க."

தொட்டேன். சூடாக இருந்தது.

எஞ்சினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுன்ட்டின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் பின்னல் செம்பால் ஆன ஒரு எர்த் பட்டை, கியர்பாக்ஸிலிருந்து பாடிக்கு வரும். செல்ஃப் இழுக்கும் மொத்த மின்சாரமும் அதன் வழியாகத்தான் திரும்ப வேண்டும். என் காரில் அந்தப் பட்டை போல்ட்டுக்கு அடியில் பச்சையாகப் பூத்து, கையால் பிய்க்கும் அளவுக்கு இற்றுப் போயிருந்தது. மின்சாரம் வேறு வழி தேடி, எஞ்சினையும் பாடியையும் தொடும் மெல்லிய சோக் கேபிள் வழியாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கேபிள் சிவக்கக் காய்ந்து தீப்பிடித்த வண்டிகளைத் தன் கண்ணால் பார்த்திருப்பதாக அவர் சொன்னார்.

இதில் எண்களைப் பார்த்தால் நன்றாக விளங்கும். சின்ன எஞ்சினைச் சுழற்றவே செல்ஃப் மோட்டார் 150, 200 ஆம்பியர் வரை இழுக்கும். 200 ஆம்பியர் ஓடும் வழியில் வெறும் 0.01 ஓம் தடை இருந்தால் 2 வோல்ட் அங்கேயே போய்விடும். 0.01 ஓம் என்பது சாதாரண மல்டிமீட்டரின் ஓம் ரேஞ்சில் கண்ணுக்கே தெரியாத அளவு. அதனால்தான் வண்டி நிற்கும்போது வயர்களை எத்தனை முறை சோதித்தாலும் எல்லாம் சரியாகவே தெரியும். செல்ஃப் சுழலும்போதே வோல்டேஜ் எங்கே தொலைகிறது என்று பார்க்க வேண்டும். போஸ்டுக்கும் கிளாம்புக்கும் நடுவே, செல்ஃபுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சோலனாய்டின் இரண்டு பக்கத்துக்கும் நடுவே, எஞ்சினுக்கும் எர்த் போஸ்டுக்கும் நடுவே என்று ஒவ்வொரு இடமாகப் பார்த்தால் குற்றவாளி பத்து நிமிடத்தில் அகப்படும். சோதிக்கும்போது எஞ்சின் பிடித்துவிடாமல் இருக்க இக்னிஷன் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய வயரைக் கழற்றிவிடுங்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டிருக்கட்டும்.

புதிய பட்டை போட்டு, இரண்டு பக்கமும் உலோகம் தெரியும் வரை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினோம். நான் தூக்கிப்போட இருந்த அதே மூன்றாவது பேட்டரியை ஒரு இரவு சார்ஜ் செய்து மறுநாள் செல்ஃப் அடித்தேன். இந்தக் கார் அவ்வளவு வேகமாகச் சுற்றியதை நான் அதுவரை கேட்டதே இல்லை. சுற்றும்போது பேட்டரியின் வோல்டேஜ் 10.4. அது 9.6க்குக் கீழே போகாமல் நின்றால் பொதுவாகக் கவலையில்லை. அந்தப் பேட்டரி அதற்குப் பிறகும் இரண்டு வருடம் ஓடியது.

ஆனால் சரி, மோசமான எர்த் பட்டை வண்டியை ஸ்டார்ட் ஆகவிடாமல் செய்யும், பேட்டரியைக் கொல்லாது. முதல் இரண்டும் ஏன் செத்தன? அதற்கான பதில் என் ஞாயிற்றுக்கிழமைப் பழக்கத்தில் இருந்தது.

டைனமோ, இன்றைய கார்களில் அதே வேலையைச் செய்யும் ஆல்டர்னேட்டர் மாதிரி இல்லை. ஐடிலில் அது அனேகமாக ஒன்றுமே தராது. லூகாஸ் சி40 வகை டைனமோ, அந்தக் காலத்தில் ஏராளமான கார்களில் இருந்தது. அதன் உச்சமே 22 ஆம்பியர்தான், அதுவும் எஞ்சின் நல்ல வேகத்தில் சுற்றும்போது. ஐடிலில் டேஷ்போர்டின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தால், டைனமோ இன்னும் பேட்டரியோடு சேரவில்லை என்று அர்த்தம். என் காரில் பத்து நிமிடமும் அந்த விளக்கு மங்கலாக எரிந்துகொண்டே இருக்கும். பழைய கார் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

இப்போது கணக்குப் போடுவோம். குளிர்ந்த எஞ்சின் பிடிக்க மொத்தம் 15 விநாடி செல்ஃப் அடித்தால், 150 ஆம்பியர் வீதம் 0.6 ஆம்பியர் மணி போகிறது (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்பியர் மணி). அப்புறம் பத்து நிமிடம் இக்னிஷன் காயில் மட்டும் மூன்றரை ஆம்பியர் இழுத்தால் இன்னொரு 0.6. உள்ளே வந்தது பூஜ்யம். பேட்டரிக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்து ஒவ்வொரு ஞாயிறும் அதிலிருந்து 1.2 ஆம்பியர் மணியை எடுத்துக்கொண்டிருந்தேன். எஞ்சினுக்கும் இது கெடுதல்தான். எண்ணெய் சரியாகச் சூடேறாமல், சைலன்ஸரில் நீர் கோத்துக்கொண்டு நிற்கும்.

இதைவிடப் பெரிய திருடன் ஒன்று டேஷ்போர்டுக்குக் கீழே இருந்தது. முந்தைய உரிமையாளர் போன் சார்ஜ் செய்ய ஒரு யூஎஸ்பி சாக்கெட் வைத்திருந்தார். அது சாவியைத் தாண்டி நேரடியாக பேட்டரியில் இணைக்கப்பட்டிருந்தது. அதில் ஒரு சின்ன நீல விளக்கு இரவு பகலாக எரியும். எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது. பெரியவர் எர்த் கிளாம்பைக் கழற்றி, போஸ்டுக்கும் கிளாம்புக்கும் நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் தொடராக இணைத்தார். சாவி அணைந்திருக்கும்போதே 35 மில்லியாம்பியர். ஒரு நாளைக்கு 0.84 ஆம்பியர் மணி, வாரத்துக்கு ஏறக்குறைய 6. என் பத்து நிமிடத்தையும் சேர்த்தால் வாரத்துக்கு 7. மாதம் ஒருமுறைதான் நான் வண்டியை வெளியே எடுத்து ஒழுங்காக ஓட்டுவேன். அதற்குள் 45 ஆம்பியர் மணி பேட்டரியில் 28 காலி. நான்கு வருடமும் என் பேட்டரி பாதிக்கு மேல் காலியாகவே வாழ்ந்திருக்கிறது.

இந்தச் சோதனையைச் செய்யும்போது ஒரு எச்சரிக்கை. மீட்டர் தொடரில் இருக்கும்போது செல்ஃப் அடிக்கவே கூடாது. மீட்டரின் ஃப்யூஸ் போகும், சில சமயம் மீட்டரே போகும். முதலில் கதவுகளை மூடி, உள்விளக்கு அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய ஆம்பியர் ரேஞ்சில் தொடங்கி, தேவையானால் மட்டும் சிறிய ரேஞ்சுக்கு இறங்குங்கள்.

ஈய அமில பேட்டரி காலியாக நிற்பதால் ஏன் சாகிறது? பாசிட்டிவ் பிளேட்டில் ஈய டையாக்ஸைடு, நெகட்டிவ் பிளேட்டில் பஞ்சு மாதிரி ஈயம், நடுவே கந்தக அமிலம். பேட்டரி இறங்கும்போது இரண்டு பிளேட்டிலும் ஈய சல்பேட் படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. உடனே சார்ஜ் செய்தால் சல்பேட் திரும்பக் கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டுவைத்தால் அது பெரிய படிகங்களாக இறுகிவிடும். இறுகியது அவ்வளவு சுலபமாகத் திரும்பாது. அந்த அளவுக்கு பிளேட் பரப்பு பயனற்றுப் போகிறது, 45 ஆம்பியர் மணி பேட்டரி 25 ஆகிவிடுகிறது. வோல்ட் மீட்டரில் அப்போதும் 12.6 காட்டும், செல்ஃப் அடித்ததும் விழுந்துவிடும். என் இரண்டாவது பேட்டரி செத்தது இப்படித்தான்.

வோல்டேஜை எப்படிப் படிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சார்ஜ் செய்த உடனே, அல்லது ஓட்டிவிட்டு வந்த உடனே அளந்தால் பொய்யான அளவு காட்டும். சில மணி நேரம் சும்மா விடுங்கள். ஓர் இரவு விட்டால் இன்னும் நல்லது. சாதாரண வெப்பத்தில் 12.6, 12.7 என்றால் முழுசாக இருக்கிறது. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கால்தான் மிச்சம். 12 வோல்ட் பேட்டரி 12 வோல்ட் காட்டுகிறதே என்று நிம்மதியாக இருந்த காலம் எனக்கு உண்டு. இப்போது 12.4 பார்த்தாலே அன்றே சார்ஜரை மாட்டிவிடுவேன்.

இனி வாங்கும் விஷயம். நான்காவது பேட்டரியை ஒரு வாரம் யோசித்துத்தான் வாங்கினேன்.

முதலில் போஸ்ட் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். ஒரே அளவுள்ள பேட்டரி, பாசிட்டிவ் இடது பக்கம் உள்ளது, வலது பக்கம் உள்ளது என்று இரண்டு விதமாக வரும். பழைய கார்களின் கேபிள்கள் சரியான நீளத்துக்கு மேல் ஒரு விரற்கடைகூட இருக்காது. பக்கம் மாறிய பேட்டரியை வைத்தால் கேபிள் எட்டாது, அல்லது தவறான போஸ்டுக்கு எட்டும். என் இரண்டாவது பேட்டரியைப் பொருத்திக் கொடுத்தவர், எர்த் என்றால் நெகட்டிவ் என்ற இன்றைய பழக்கத்தில் கேபிளை மாற்றி மாட்டிவிட்டார். பாசிட்டிவ் போஸ்ட் நெகட்டிவை விடக் கொஞ்சம் தடிமனாக இருக்கும். இரண்டு கிளாம்பும் அதற்கேற்ற அளவில்தான் இருக்கும். ஒன்று இறங்காமல் அடம்பிடித்தபோதே நிறுத்தியிருக்க வேண்டும். அவர் தட்டி இறக்கினார், நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எஞ்சின் பிடித்து ஆக்ஸிலரேட்டர் கொடுத்த நொடியில் டைனமோவின் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பெட்டிக்குள், டைனமோவை பேட்டரியோடு சேர்த்துப் பிரிக்கும் கட்அவுட் பாயின்ட்கள் கருகின. டைனமோ தப்பித்தது. இப்போது என் பேட்டரிக்கு மேலே, பானட்டின் உட்பக்கத்தில், "பாசிட்டிவ் எர்த்" என்று பெரிய எழுத்தில் ஒரு தகடு ஒட்டியிருக்கிறேன். நான் இல்லாதபோது யார் பானட்டைத் திறந்தாலும் அதுதான் முதலில் கண்ணில் படும்.

அப்புறம் அளவு. தட்டின் நீள அகலத்தோடு உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். உயரம் மிக முக்கியம். பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் பேட்டரி பின் சீட்டுக்கு அடியில் இருக்கும். உயரம் கூடிய பேட்டரியை மூடியில்லாமல் வைத்து, மேலே கனமான ஆள் உட்கார்ந்தால் சீட்டின் ஸ்பிரிங் இரண்டு போஸ்டையும் தொட்டு சீட் தீப்பிடிக்கும். அந்தக் கார் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து அது. பானட்டுக்கு அடியிலும் அதே கதைதான். மூடும்போது தகடு போஸ்டில் தட்டக் கூடாது.

பேட்டரியைப் பிடித்து நிறுத்தும் சட்டத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆடும் பேட்டரியில் பிளேட்டிலிருந்து பொருள் உதிர்ந்து அடியில் சேறாகச் சேரும். அந்தச் சேறு பிளேட் உயரத்துக்கு வந்தால் செல் உள்ளேயே ஷார்ட் ஆகிவிடும். பழைய காரின் சஸ்பென்ஷன் தரும் குலுக்கலில் இது சீக்கிரமே நடக்கும்.

பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் ஆம்பியர் மணி என்பது 20 மணி நேரத்தில் மெதுவாக எவ்வளவு கொடுக்கும் என்ற கணக்கு. சிசிஏ (கோல்ட் கிராங்கிங் ஆம்ப்ஸ்) என்பது மைனஸ் 18 டிகிரி குளிரில் 30 விநாடி எவ்வளவு ஆம்பியர் தந்தும் 7.2 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் நிற்கும் என்ற கணக்கு. சிறிய நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு இரண்டிலும் பெரிய எண் தேடி அலைய வேண்டியதில்லை. காரின் பழைய கையேட்டில் சொன்ன ஆம்பியர் மணியை ஒட்டியது போதும். நான் மூன்றாவதாகப் பெரியது வாங்கியதில் ஒரு பயனும் இல்லை. காலியான பெரிய பேட்டரியை 22 ஆம்பியர் டைனமோ நிரப்பப் பாடுபட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

வகையில்தான் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. மெக்கானிக்கல் ரெகுலேட்டரும் டைனமோவும் உள்ள காருக்கு, மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றக்கூடிய சாதாரண பேட்டரியே நல்லது. பழைய ரெகுலேட்டர் ஸ்பிரிங்கையும் சுருளையும் நம்பி வேலை செய்கிறது. வெப்பத்துக்கும் வயதுக்கும் ஏற்ப அதன் வோல்டேஜ் நகரும். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் சாதாரண பேட்டரி தண்ணீரை இழக்கும், நாம் திரும்ப ஊற்றிக்கொள்ளலாம். ஏஜிஎம் பேட்டரியில் அமிலம் கண்ணாடி நார்ப் பாயில் ஊறியிருக்கும், மூடி கிடையாது. அதிக வோல்டேஜில் வால்வு வழியாக வாயு போனால் போனதுதான், திரும்ப ஊற்ற வழியில்லை. இன்றைய பராமரிப்பில்லா கால்சியம் பேட்டரிகளுக்கு இதற்கு நேர்மாறான சிக்கல். முழுசாக நிரம்ப அவை கேட்கும் வோல்டேஜை பழைய ரெகுலேட்டர் பல சமயம் தராது, ஆழமாக இறங்கினால் மீளவும் அவை சிரமப்படும்.

ஏஜிஎம் மோசம் என்று சொல்ல வரவில்லை. பேட்டரி காருக்குள்ளேயோ டிக்கியிலோ இருந்தால், அமிலம் சிந்தாத பேட்டரி பெரிய நிம்மதி. எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் ஆரம்ப மாடல்களில் சீட்டுக்குப் பின்னால் தரைக்கு அடியில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் தொடராக இருக்கும். அங்கே தண்ணீர் பார்ப்பதே வேதனை, மறந்துபோவதுதான் நடக்கும். அந்த மாதிரி இடத்துக்கு ஏஜிஎம் வைக்கலாம். அதன் தானே இறங்கும் வேகமும் குறைவு. ஆனால் முதலில் ரெகுலேட்டரைச் சோதித்துவிடுங்கள். எஞ்சின் சூடாகி நடுத்தர வேகத்தில் சுற்றும்போது பேட்டரியில் 13.8லிருந்து 14.5 வரை இருந்தால் சரி. 14.8ஐத் தாண்டினால் எந்தப் பேட்டரியும் வைப்பதற்கு முன் ரெகுலேட்டரைக் கவனிக்க வேண்டும். லித்தியம் எடை குறைவுதான், ஆனால் அடுத்த நொடி என்ன வோல்டேஜ் வரும் என்று தெரியாத ஒரு டைனமோவோடு அதை நான் சேர்க்க மாட்டேன்.

6 வோல்ட் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதே சக்திக்கு 6 வோல்ட்டில் இரண்டு மடங்கு ஆம்பியர் ஓட வேண்டும். அதனால் செல்ஃப் கேபிள் 12 வோல்ட் காரில் உள்ளதைவிடத் தடிமனாக இருந்தாக வேண்டும். கிழிந்த கேபிளுக்குப் பதில் கைக்குக் கிடைத்த 12 வோல்ட் கேபிளைப் போட்டுவிட்டு, 6 வோல்ட் என்றாலே இப்படித்தான் மெதுவாகச் சுற்றும் என்று சமாதானம் சொல்லிக்கொள்பவர்கள் நிறையப் பேர். சரியான கேபிளும் சுத்தமான எர்த்தும் இருந்தால் 6 வோல்ட் கார் நன்றாகவே சுற்றும்.

வாங்கும்போது தயாரித்த தேதியைக் கேட்டு வாங்குங்கள். மீட்டரையும் கையோடு கொண்டுபோங்கள். அலமாரியில் மாதக்கணக்கில் நின்ற பேட்டரியும் சல்பேட் பிடித்ததுதான். 12.5க்குக் கீழே காட்டினால் நான் வேறொன்று கேட்பேன்.

பராமரிப்பு என்று இப்போது நான் செய்வது அதிகமில்லை. யூஎஸ்பி சாக்கெட்டை இக்னிஷன் வழியாக மாற்றி இணைத்தேன். எர்த் கேபிளில், பேட்டரியைத் துண்டிக்கும் ஒரு ஐசொலேட்டர் ஸ்விட்ச் போட்டேன். ஷெட்டுக்குள் வந்ததும் குமிழைத் திருகிக் கழற்றிவிடுவேன். இதனால் பேட்டரி இறங்குவதும் நிற்கும், அறுபது வருட வயரிங் ஆளில்லாத நேரத்தில் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும் பயமும் குறையும். எஞ்சின் ஓடும்போது மட்டும் அதைத் திருகக் கூடாது. ஆல்டர்னேட்டர் உள்ள காராக இருந்தால் டையோடுகள் போய்விடும்.

மாதம் ஒரு இரவு ஸ்மார்ட் சார்ஜர் மாட்டுகிறேன். பேட்டரியின் கடைசி இருபது சதவீதம் மிக மெதுவாகத்தான் ஏறும், அதற்குப் பல மணி நேரம் வேண்டும். அரை மணி நேர ஓட்டத்தில் அது முடியாது. சார்ஜர் நிரம்பியதும் 13.2லிருந்து 13.8க்குள் இறங்கி நிற்கும் வகையாக இருக்கட்டும். பழைய காலத்து டிரிக்கிள் சார்ஜர் நிரம்பிய பின்னும் நிறுத்தாமல் ஏற்றிக்கொண்டே இருக்கும், தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். சல்பேட் நீக்கும் மோட் இருந்தால், அதை ஓட்டுவதற்கு முன் பேட்டரியைக் காரிலிருந்து கழற்றிவிடுங்கள். அதில் வோல்டேஜ் மிக அதிகமாகப் போகும். பாசிட்டிவ் எர்த் காரிலும் சார்ஜரின் சிவப்பு கிளிப் பாசிட்டிவுக்குத்தான்.

சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே வெடிக்கும். ஷெட் கதவு திறந்திருக்க வேண்டும், கிளிப்பை மாட்டுவதும் கழற்றுவதும் சார்ஜரை அணைத்த பிறகுதான். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் பேட்டரிக்கு மேல் குனியாதீர்கள். அமிலம் பட்டால் உடனே நிறையத் தண்ணீரில், நீண்ட நேரம் கழுவுங்கள்.

சார்ஜ் முடிந்த பிறகு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுகிறேன். முன்னாலேயே ஊற்றினால் சார்ஜ் ஆகும்போது மட்டம் உயர்ந்து வெளியே வழியும். பிளேட் தெரிந்தால் மட்டும் மூழ்கும் அளவுக்கு முன்பே ஊற்றிவிட வேண்டும். பிளேட்டுக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் போதும். அமிலம் ஊற்றவே கூடாது, குறைவது தண்ணீர் மட்டும்தான். எல்லா செல்லிலும் தண்ணீர் ஒரே மாதிரி வேகமாகக் குறைந்தால் ரெகுலேட்டர் அதிகம் கொடுக்கிறது. ஒரு செல் மட்டும் குறைந்தால் அந்த செல்லில் கோளாறு, அல்லது பெட்டியில் விரிசல்.

தண்ணீர் ஊற்றுவதற்கு முன் ஹைட்ரோமீட்டர், அதாவது ஒவ்வொரு செல்லிலும் அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி. இரண்டு நிமிட வேலை, வோல்ட் மீட்டர் சொல்லாததை இது சொல்லும். நிரம்பிய செல் 1.265, 1.280 என்று காட்டும். ஆறில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைந்து, முழு சார்ஜுக்குப் பிறகும் ஏறாமல் நின்றால் அந்தப் பேட்டரி போய்க்கொண்டிருக்கிறது. மொத்த வோல்டேஜை மட்டும் பார்த்திருந்தால் இன்னும் சில மாதம் தெரியாமலே இருந்திருக்கும்.

பேட்டரியின் மேற்பரப்பையும் பாருங்கள். மீட்டரின் ஒரு முனையைப் போஸ்டிலும் இன்னொன்றை அழுக்குப் படிந்த பிளாஸ்டிக்கிலும் வைத்துப் பார்த்தேன், 1.4 வோல்ட் காட்டியது. ஈரமான அமிலப் படலம் வழியாகவே மின்சாரம் கசிந்துகொண்டிருந்தது. மூடிகளை இறுக்கிவிட்டு சோடா உப்புக் கரைசலால் துடைத்தால் நுரைத்து அடங்கும். அது செல்லுக்குள் ஒரு துளிகூட இறங்கக் கூடாது. பிறகு தண்ணீரில் துடைத்துக் காயவைத்து, கிளாம்ப்களை இறுக்கிய பின் மேலே வாசலின் பூசுங்கள்.

கழற்றும் வரிசைதான் நான் கண்ட தவறுகளிலேயே பரவலானது. நெகட்டிவை முதலில் கழற்று என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். அது நெகட்டிவ் எர்த் காருக்கான பேச்சு. எர்த் முனையைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது, ஏனெனில் இரண்டும் ஏற்கெனவே ஒன்றுதான். மற்ற முனையைக் கழற்றும்போது பட்டால் ஸ்பேனர் பழுத்துவிடும். அதனால் விதி எர்த்தை முதலில் கழற்று, கடைசியில் மாட்டு என்பது. என் காரில் அது பாசிட்டிவ்.

இதே காரணத்தால் இன்னொரு வண்டியிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்யும்போது மிகக் கவனம் வேண்டும். பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ், நெகட்டிவுக்கு நெகட்டிவ் என்பதில் மாற்றம் இல்லை. ஆனால் என் வண்டியின் பாடி பாசிட்டிவ், உதவ வந்த வண்டியின் பாடி நெகட்டிவ். கேபிள் மாட்டியிருக்கும்போது இரண்டு பம்பரும் ஒன்றையொன்று தொட்டால் அது நேரடி ஷார்ட். இடையில் ஓர் ஆள் நடந்துபோகும் இடைவெளி விட்டு நிறுத்தச் சொல்வேன். முதலில் இரண்டு நெகட்டிவ், பிறகு அவர்களுடைய பாசிட்டிவ். கடைசி கிளிப்பை என் எஞ்சின் பிளாக்கில், பேட்டரியை விட்டுத் தள்ளி மாட்டுவேன், தீப்பொறி வந்தாலும் ஹைட்ரஜன் இருக்கும் இடத்தில் வராது.

ஞாயிற்றுக்கிழமை பழக்கத்தை விடவில்லை, மாற்றிக்கொண்டேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முக்கால் மணி நேரமாவது ஓட்டுகிறேன், எஞ்சின் முழுசாகச் சூடேறும் வரை, சிவப்பு விளக்கு நன்றாக அணைந்திருக்கும் வேகத்தில். ஓட்ட முடியாத வாரத்தில் ஸ்டார்ட் செய்வதே இல்லை. ஐசொலேட்டர் கழன்றபடி கார் சும்மா நிற்கிறது. கண்ணாடிகளை மட்டும் துடைத்துவிட்டு வருகிறேன்.

டேஷ்போர்டு பெட்டிக்குள் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. மாதம் ஒரு வரி: தேதி, ஓய்ந்த வோல்டேஜ், ஆறு செல்லின் அளவு, ஊற்றிய தண்ணீர். நான்காவது பேட்டரிக்கு இது ஐந்தாவது வருடம். நேற்று எழுதிய வரியில் வோல்டேஜ் 12.64, ஐந்து செல் 1.270, மூன்றாவது செல் மட்டும் 1.255. போன மாதம் அது 1.260 இருந்தது. இன்று இரவும் சார்ஜரை மாட்டிவிட்டு, நாளை மாலை அந்த ஒரு செல்லைத் திரும்ப அளந்து பார்க்க வேண்டும்.